எவரெஸ்ட்: பரங்கிமலை அடிவாரத்தில் தொடங்கிய அளவையும் சிகர ஏற்றமும்

எவரெஸ்ட் உலகின் மிக உயரமான மலைச்சிகரம். கடல்மட்டத்திலிருந்து இதன் உயரம் 8,848.86 மீட்டர். நேபாளத்துக்கும் திபெத்துக்கும் இடையிலான எல்லைக்கோடு இதன் உச்சி வழியாகச் செல்கிறது. நேபாளத்தில் சாகர்மாதா என்றும் திபெத்தில் சோமோலுங்மா என்றும் அழைக்கப்படுகிறது. இச்சிகரத்தின் உயரத்தை 19-ஆம் நூற்றாண்டில் கணித்த நில அளவை, இமயமலைக்கு ஏறத்தாழ 2,000 கி.மீ. தெற்கே, சென்னை பரங்கிமலையின் அடிவாரத்தில் 1802-இல் தொடங்கியது. தமிழகத்தின் சமவெளிகள் வழியாகவே அந்த அளவை வடக்கே சென்றது. சென்னையிலும் ஆற்காட்டிலும் உருவான சிலர் அதன் முக்கியமான பணிகளைச் செய்தனர். ஆயினும் மலைக்கு நிலைத்த பெயர் அளவைத்துறையின் தலைவர் ஒருவருடையது.

78 பாகைக் கோடு

மதுரை காளவாசலிலிருந்து தேனி சாலையில் மேற்கே சென்றால், ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில், நாகமலையை ஒட்டிய பகுதியில் கிழக்கு நெட்டாங்கு 78 பாகைக் கோடு குறுக்கிடுகிறது. சாலையில் அதற்கு அடையாளம் எதுவும் இல்லை. அதே சாலை உசிலம்பட்டி, தேனி, போடி வழியாக மூணாறு சென்று தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரமான ஆனைமுடியின் (2,695 மீட்டர்) பக்கம் கொண்டு சேர்க்கும்.

கன்னியாகுமரிக்கு அருகிலிருந்து முசௌரி வரை, இந்தக் கோட்டை ஒட்டியே, ஏறத்தாழ 2,400 கி.மீ. நீளத்துக்கு ஒரு முக்கோணச் சங்கிலி அளக்கப்பட்டது. நில அளவை வரலாற்றில் இது பெருவில் எனப்படுகிறது. பூமியின் வளைவைக் கண்டறிவது அதன் முதல் நோக்கம். மலைகளின் உயரத்தை அறிவது அந்நோக்கத்தில் இல்லை. ஆனால் எந்த மலையின் உயரத்தையும் தொலைவிலிருந்து கணிக்க வேண்டுமென்றால் அளப்பவர் நிற்கும் இடம், மலைக்குள்ள தூரம், பூமியின் வடிவம் ஆகிய மூன்றும் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். பெருவில் இம்மூன்றுக்கும் அடிப்படையைத் தந்தது.

பரங்கிமலையில் முதல் கோடு

இப்பணியைத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன். கிழக்கிந்தியக் கம்பெனி திப்பு சுல்தானுடன் நடத்திய கடைசிப் போரில் (1799) கலந்துகொண்ட ஆங்கிலேயப் படை அதிகாரி. போர் முடிந்ததும் தீபகற்பத்தை ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை முக்கோண முறையில் அளக்கும் திட்டத்தை முன்வைத்து, அதற்கு ஒப்புதலும் பெற்றார்.

முக்கோண அளவையில் ஒரே ஒரு பக்கத்தைத் தரையில் அளந்தால் போதும். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு புள்ளியை நோக்கிக் கோணங்களை எடுத்தால் மற்ற இரு பக்கங்களும் கணக்கில் கிடைத்துவிடும். அவ்வாறு கிடைத்த பக்கம் அடுத்த முக்கோணத்தின் அடியாகும். இவ்விதமாக ஒரு நாடு முழுவதையும் அளந்துவிடலாம். ஆனால் முதல் பக்கத்தில் நேரும் பிழை எல்லா முக்கோணங்களுக்கும் கடத்தப்படும் என்பதால், தரையில் அளக்கும் அந்த ஒரு கோட்டில் மிகுந்த கவனம் தேவைப்பட்டது.

லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அடிவாரத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி அந்தக் கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் ஏழரை மைல், ஏறத்தாழ 12 கி.மீ. அளவுகோல் 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. அதற்கு ஒரு முன்கதை உண்டு. இங்கிலாந்தின் தூதுக்குழு சீனப் பேரரசருக்குப் பரிசளிக்கக் கொண்டுசென்ற கருவிகளுள் அது ஒன்று. பேரரசர் அதை ஏற்கவில்லை. குழுவில் இருந்த டின்விடி என்ற அறிவியலாளரின் கைக்கு வந்து, கல்கத்தாவில் விலைபேசப்பட்டு, இறுதியில் லாம்டனிடம் சேர்ந்தது.

சங்கிலியைத் தரையில் இழுத்து அளக்கவில்லை. முக்காலிகள் மீது மரத் தொட்டிகளை வரிசையாக நிறுத்தி, அவற்றைச் சமமட்டமாக்கி, சங்கிலியை உள்ளே கிடத்தி, வெயில் படாமல் மூடி, வெப்பமானிகளைப் படித்த பிறகே ஒவ்வொரு நீளமும் குறிக்கப்பட்டது. இதைப்போல் 400 முறை செய்ய வேண்டியிருந்தது. 100 அடி எஃகுச் சங்கிலி ஒரு செல்சியசு பாகை வெப்பம் கூடினால் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக நீளும். 400 சங்கிலிகளுக்கு அது ஏறத்தாழ 14 செ.மீ. சென்னையின் சித்திரை, வைகாசி வெயிலில் காலைக்கும் நடுப்பகலுக்கும் இடையே வெப்பம் எவ்வளவு மாறும் என்பதைத் தமிழக வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மே மாத இறுதிவாக்கில் கோடு முடிந்தது. அதன் தென்முனை இருந்த பெரும்பாக்கம் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்த புறநகர்.

அங்கிருந்து மேற்கே மங்களூர் வரை சென்ற முக்கோணங்கள், தீபகற்பத்தின் அகலம் அதுவரையிலான வரைபடங்கள் காட்டியதைவிட 40 மைல் குறைவு என்று காட்டின. பழைய வரைபடங்களை நம்பியிருந்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருந்தது. லாம்டனின் பணிக்கு நிதி தொடர்ந்ததற்கு இந்த முடிவும் ஒரு காரணம்.

கோயில் விமானமும் உடைந்த கருவியும்

கோணங்களை அளக்க லாம்டன் பயன்படுத்திய பெரிய தியோடலைட் லண்டனில் வில்லியம் கேரி செய்தது. எடை அரை டன். இந்தியாவுக்கு வரும் வழியில் அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டுபோயினர். அது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் அதைச் சென்னைக்கு மரியாதையுடன் அனுப்பிவைத்தார். இரு நாடுகளும் போரில் இருந்த காலம் அது.

தெற்கே வந்தபோது நிலத்தின் தன்மை ஒரு சிக்கலை உண்டாக்கியது. மதுரை, திண்டுக்கல் பகுதிகளில் சமவெளியின் நடுவே குன்றுகள் எழுகின்றன. யானைமலை, நாகமலை, சிறுமலை போன்றவற்றின் மேலிருந்து பார்த்தால் பல மைல்களுக்குத் தடையில்லை. காவிரிப் படுகையில் அவ்வாறு இல்லை. வயல்களும் தென்னந்தோப்புகளும் பார்வையை மறைத்தன. அங்கு உயரமாக இருந்தவை கோயில் கோபுரங்கள் மட்டுமே. லாம்டன் அவற்றையே தம் நிலையங்களாக்கிக்கொண்டார்.

1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின் மீது தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. 36 அங்குல விட்டமுள்ள அதன் வட்டத் தகடு நெளிந்தது. அளவையே நின்றுவிடக்கூடிய நிலை. புதிய கருவிக்கு இங்கிலாந்துக்கு எழுதிவிட்டு, லாம்டன் ஆப்புகள், திருகுகள், கப்பிகள் ஆகியவற்றைக் கொண்டு தகட்டைச் சிறுகச்சிறுக இழுத்துப் பழைய வட்டத்துக்குக் கொண்டுவந்தார். இதற்கு ஆறு வாரங்கள் ஆயின. அந்த ஒட்டுப்போட்ட கருவி அதன் பின்னும் பல ஆண்டுகள் உழைத்தது. கோயில் விமானத்தில் அரை டன் இரும்பை ஏற்றுவதைப் பற்றி ஊரார் என்ன எண்ணினர் என்பதை அளவையின் ஏடுகள் பொருட்படுத்தவில்லை.

தொடர்ந்து திருநெல்வேலிச் சீமை வழியாகக் கன்னியாகுமரிப் பகுதி வரை அளந்து முடித்த லாம்டன் வடக்கே திரும்பினார். 1818-இல் இப்பணி மாபெரும் முக்கோணவியல் நில அளவை என்ற பெயரைப் பெற்றுக் கல்கத்தா அரசின் கீழ் வந்தது. 1823 ஜனவரியில் நாக்பூர் செல்லும் வழியில் இங்கன்காட் என்ற ஊரில், கூடாரத்தில் இறந்தார். ஏறத்தாழ 20 ஆண்டுகளை இந்த ஒரே வேலையில் கழித்திருந்தார்.

சென்னையிலிருந்து சென்றவர்கள்

அளவையின் வரலாறு பெரும்பாலும் லாம்டன், ஜார்ஜ் எவரெஸ்ட், ஆண்ட்ரூ வா ஆகிய மூன்று ஆங்கிலேய அதிகாரிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அவர்களுக்குக் கீழே இருந்த அடுக்கில் தென்னிந்தியாவின் பங்கு பெரிது.

சென்னையில் 1794-இல் மைக்கேல் டாப்பிங் என்ற வானியலாளரின் முயற்சியால் ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கப்பட்டது. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வகத்துடன் இணைந்து இயங்கியது. அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூணில் தமிழ் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டு உண்டு. (அதன் வானியல் பணிகள் 1899-இல் கொடைக்கானலுக்கு மாறின.) பள்ளியில் சேர்க்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்த, ஆதரவற்றோர் இல்லங்களில் வளர்ந்த சிறுவர்கள். அவர்களுள் ஒருவரான ஜோசுவா டி பென்னிங், லாம்டனின் முதன்மை உதவியாளராக உயர்ந்து, பிற்காலத்தில் கல்கத்தாவில் அளவையின் கணிப்பு அலுவலகத்தை நடத்தினார். சிகரத்தின் உயரக் கணக்கோடு பெயர் சேர்த்துப் பேசப்படும் இராதாநாத் சிக்தார் 1831-இல் கணிப்பாளராக வேலைக்குச் சேர்ந்தது இத்துறையில்தான்.

மற்றொருவர் சையது மீர் மொசின் உசேன். ஆற்காட்டைச் சேர்ந்த நகைத்தொழிலாளி. சென்னையில் கருவிகள் பழுதுபார்த்துவந்த அவரது கைத்திறனைக் கண்ட வாலண்டைன் பிளாக்கர், தாம் தலைமை நில அளவையாளரானபோது கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார். அளவைக் கருவியின் வட்டத் தகட்டில் நுண்ணிய கோணக் கோடுகளைப் பிரித்துப் பொறிப்பது அன்று லண்டனில் ஒரு சில பட்டறைகளே செய்த வேலை. ஆங்கிலேயக் கருவியாளர் ஹென்றி பாரோவுடன் சேர்ந்து உசேன் அந்த வேலையைச் செய்தார். பாரோவுக்குப் பின் 1843-இல் அளவைத்துறையின் கருவியாளர் பொறுப்புக்கு எவரெஸ்ட் அவரையே முன்மொழிந்தார். கடுமையான சொற்களுக்குப் பெயர்போன எவரெஸ்ட் மனந்திறந்து பாராட்டிய மிகச் சிலருள் உசேன் ஒருவர். தமிழில் அவரைப் பற்றிய எழுத்து மிகக் குறைவாகவே உள்ளது.

கொடி பிடித்தவர்கள், காடு வெட்டியவர்கள், சங்கிலி தூக்கியவர்கள், கருவியைத் தோளில் சுமந்து குன்றேறியவர்கள் ஆகியோரின் பெயர்கள் இந்த அளவுக்குக்கூடக் கிடைப்பதில்லை. கோதாவரி, கிருஷ்ணா காடுகளிலும் பின்னர் இமயமலை அடிவாரத் தராய் சதுப்புகளிலும் மலேரியாவால் மடிந்தவர்களில் பெரும்பாலோர் இவர்களே.

சிகரம் 15

1823-இல் லாம்டனின் இடத்துக்கு வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் பெருவில்லை 1841-இல் இமயமலை அடிவாரத்தில் முடித்தார். 1843-இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பினார். அவர் பெயரைத் தாங்கிய சிகரம் அளக்கப்பட்டது அதன் பிறகுதான்.

அடுத்துப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ வா, பெருவில்லிலிருந்து கிழக்கே இமயத்தை ஒட்டி ஒரு முக்கோணச் சங்கிலியை நீட்டினார். நேபாளம் அளவையாளர்களை உள்ளே விடவில்லை. ஆகவே சிகரங்கள் அனைத்தும் இந்தியச் சமவெளியிலிருந்தே பார்க்கப்பட்டன. 1847-இல் கஞ்சன்ஜங்காவுக்கு அப்பால் மங்கலாகத் தெரிந்த ஒரு முனையை வா கவனித்தார். 1849-இல் ஜேம்ஸ் நிக்கல்சன் வெவ்வேறு இடங்களிலிருந்து அதை நோக்கி முப்பதுக்கும் மேற்பட்ட முறை கோணங்களை எடுத்தார். தூரம் ஏறத்தாழ 170 கி.மீ.க்கு மேல். மலேரியாவால் அவர் வேலையைத் தொடர முடியாமல் போயிற்று. சிகரங்களுக்கு உரோம எண்கள் இடப்பட்டபோது இது 15 என்ற எண்ணைப் பெற்றது.

அத்தனை தூரத்திலிருந்து கோணத்தை எடுப்பதைவிட அதைக் கணக்கிடுவதே கடினம். 175 கி.மீ. தொலைவில் பூமியின் வளைவு மட்டுமே மலையின் அடிப்பகுதியில் ஏறத்தாழ 2.4 கி.மீ.யை மறைத்துவிடும். அடர்த்தி குறைந்த மேல்காற்றிலிருந்து அடர்த்தி மிகுந்த கீழ்க்காற்றுக்கு வரும் ஒளி வளைவதால் மலை உண்மையைவிட நூற்றுக்கணக்கான மீட்டர் உயரமாகத் தோன்றும். அந்த வளைவும் காலை, மாலை என நேரத்துக்கு நேரம் மாறும். மூன்றாவதாக, இமயத்தின் பெருநிறை தூக்குக்குண்டையே தன் பக்கம் இழுத்து, செங்குத்து எது என்பதையே சற்று மாற்றிவிடும். பெருவில்லில் கல்யாணா, கல்யாண்பூர் என்ற இரு நிலையங்களுக்கு இடையே நில அளவையும் விண்மீன் அளவையும் 5 நொடிக் கோணத்துக்குச் சற்று அதிகமாக முரண்பட்டன. 1855-இல் கல்கத்தாவின் பாதிரியார் ஜான் பிராட் இதை ஆராய்ந்தபோது, மலையின் நிறையைக் கணக்கில் கொண்டால் முரண்பாடு இன்னும் பெரிதாக இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. மலைகளுக்கு அடியில் ஆழத்தில் அடர்த்தி குறைந்த பாறை இருக்கிறது, மலைகள் ஒருவகையில் மிதக்கின்றன என்ற புவியியல் கோட்பாடு இங்கிருந்துதான் வளர்ந்தது. தமிழகத்தில் கோட்டை அளக்கத் தொடங்கிய காலத்தில் யாரும் எதிர்பாராத விளைவு இது.

இக்கணக்குகளைச் செய்தவர்களுள் முதன்மையானவர் இராதாநாத் சிக்தார். அவர் 1852-இல் வாவின் அறைக்குள் ஓடி, உலகின் மிக உயரமான மலையைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார் என்று ஒரு கதை பல நூல்களில் வருகிறது. அப்போது சிக்தார் கல்கத்தாவிலும் வா டேராடூனிலும் இருந்தனர் என்பதால் கதை அப்படியே ஏற்கத்தக்கதன்று. ஆனால் கணிப்புப் பணியில் அவரது பங்கு ஐயத்துக்கு இடமற்றது. அளவைத்துறை வெளியிட்ட கையேட்டின் கணிதப் பகுதிகளை எழுதியவரும் அவரே. அவர் 1870-இல் இறந்த பின் 1875-இல் வந்த பதிப்பில் அவர் பெயர் நீக்கப்பட்டது. அதைக் கண்டித்து ஆங்கிலேய இதழிலேயே எழுதப்பட்டது. இந்திய அஞ்சல்துறை 2004-இல் அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

1856-இல் வா உயரத்தை 29,002 அடி என்று அறிவித்தார். அதாவது ஏறத்தாழ 8,840 மீட்டர். இன்றைய அளவுக்கும் அதற்கும் வேறுபாடு 9 மீட்டர் மட்டுமே. கணக்கு சரியாக 29,000 என்று வந்ததாகவும், உத்தேசமாகச் சொன்னதென்று உலகம் எண்ணக்கூடாது என்று 2 அடி கூட்டப்பட்டதாகவும் ஒரு பேச்சு நெடுங்காலமாக உண்டு.

பெயர்ச் சிக்கல்

மலைகளுக்கு உள்ளூர்ப் பெயரையே இடவேண்டும் என்பது அளவைத்துறையின் வழக்கம். தெற்கே தொட்டபெட்டா, ஆனைமுடி ஆகியவை தம் பெயர்களைத் தக்கவைத்துக்கொண்டன. சிகரம் 15-க்கு உள்ளூர்ப் பெயர் எதுவும் தெரியவில்லை என்று கூறி வா தமக்கு முன்பிருந்தவரின் பெயரை முன்மொழிந்தார். இந்த வாதம் வலுவற்றது. திபெத்தியப் பெயர் 1733-இல் பிரான்சில் வெளியான தான்வில்லின் வரைபடத்திலேயே இருந்தது. தம் பெயரை இந்த நாட்டு மக்களால் ஒலிக்கவும் எழுதவும் இயலாது என்று எவரெஸ்டே மறுப்புத் தெரிவித்தார். இருந்தும் லண்டனிலிருந்த அரச புவியியல் கழகம் 1865-இல் அப்பெயரை ஏற்றது. அவர் குடும்பத்தினர் தம் பெயரை ‘ஈவ்ரெஸ்ட்’ என்றே ஒலித்தனர். ஆக, உலகம் இன்று சொல்வது அவர் பெயரும் அன்று. சாகர்மாதா என்ற நேபாளப் பெயரை 1930-களின் இறுதியில் வரலாற்றறிஞர் பாபுராம் ஆச்சார்யா பரவலாக்கினார்.

ஏறும் வழிகளும் ஏற்றிவிட்டவர்களும்

1921-இல் முதல் ஆய்வுக்குழு திபெத் வழியாகச் சென்றது. 1922 ஜூன் 7 அன்று வடக்குப் பக்கத்தில் பனிச்சரிவில் ஏழு சுமைதூக்குவோர் இறந்தனர். எவரெஸ்டின் முதல் பெரும் விபத்து இது. 1924-இல் ஜார்ஜ் மாலரி, ஆண்ட்ரூ இர்வின் இருவரும் உச்சியை நோக்கிச் சென்று மறைந்தது உலகப் புகழ்பெற்ற கதையாயிற்று. மாலரியின் உடல் 1999-இல் கண்டெடுக்கப்பட்டது. அந்த ஏழு பேரைப் பற்றி இவ்வளவு தேடல் நடக்கவில்லை.

நேபாளம் தன் எல்லையைத் திறந்த பின் தெற்கு வழி முதன்மையாயிற்று. ஏறத்தாழ 5,300 மீட்டரிலுள்ள அடிவார முகாமிலிருந்து கும்பு பனியருவியைக் கடக்க வேண்டும். பெயர்தான் அருவி. வீடு அளவுள்ள பனிப்பாளங்கள் நாள்தோறும் நகர்ந்து சரியும் இடம் அது. ஆழப் பிளவுகளின் மேல் அலுமினிய ஏணிகளைக் கிடத்தி வழி அமைப்பவர்கள் செர்ப்பாக்களே. பிறர் அதை ஒரு சில முறை கடக்கிறார்கள். செர்ப்பாக்கள் சுமையுடன் பலமுறை கடக்கிறார்கள். 2014 ஏப்ரல் 18 அன்று அங்குச் சரிந்த பனியில் 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தனர். மேலே 7,900 மீட்டர் அளவில் தெற்குக் கணவாயில் கடைசி முகாம். 8,000 மீட்டருக்கு மேல் மனித உடல் தன்னைச் சீரமைத்துக்கொள்ள இயலாது. உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு.

1953 மே 29 முற்பகல் 11.30 மணியளவில் எட்மண்ட் ஹிலாரியும் டென்சிங் நோர்கேயும் உச்சியை அடைந்தனர். டென்சிங்குக்கு அது ஏழாவது எவரெஸ்ட் பயணம். முந்தைய ஆண்டே சுவிஸ் குழுவின் ரேமண்ட் லாம்பெர்ட்டுடன் 8,600 மீட்டரை நெருங்கியிருந்தார். உச்சியில் முதலில் கால்வைத்தவர் யார் என்ற கேள்வி நேபாளத்திலும் இந்தியாவிலும் பெரும் சச்சரவாயிற்று. ஹிலாரிதான் சில அடிகள் முன்னால் இருந்தார் என்று டென்சிங் தம் தன்வரலாற்றில் எழுதி அதை முடித்துவைத்தார். ஹிலாரிக்கும் குழுத்தலைவர் ஜான் ஹன்ட்டுக்கும் பிரித்தானிய அரசு ‘சர்’ பட்டம் அளித்தது. டென்சிங்குக்குக் கிடைத்தது ஒரு பதக்கம்.

இந்தியக் குழுக்கள் 1960-லும் 1962-லும் உச்சிக்கு அருகே சென்று திரும்பின. 1965-இல் எம்.எஸ். கோலி தலைமையிலான குழுவில் ஒன்பது பேர் உச்சியைத் தொட்டனர். 1984-இல் பச்சேந்திரி பால் அங்கு ஏறிய முதல் இந்தியப் பெண் ஆனார். நேபாளத்தின் காமி ரீட்டா செர்ப்பா 2025 மே மாதம் 31-ஆவது முறையாக ஏறினார்.

மே 23

தமிழர்களின் எவரெஸ்ட் வரலாறு மலேசியாவில் தொடங்குகிறது. 1997 மே 23 அன்று எம். மகேந்திரனும் என். மோகன்தாசும் அடுத்தடுத்து உச்சியை அடைந்தனர். இருவரும் மலேசியத் தமிழர்கள். எவரெஸ்டில் ஏறிய முதல் மலேசியர்களும் இவர்களே. மலேசியாவின் மிக உயரமான கினபாலு 4,095 மீட்டர்தான். பனிமலை என்பதே இல்லாத நாட்டிலிருந்து வந்தவர்கள் பனியில் நடக்கவும் குளிரில் மூச்சுவிடவும் வெளிநாட்டு மலைகளுக்குப் போய்த்தான் கற்க வேண்டியிருந்தது.

தமிழகத்துக்கும் இதே நிலைமை. ஆனைமுடியைப் போல மூன்று மடங்குக்கு மேல் உயரமான மலை அது. டார்ஜிலிங்கில் 1954-இல் தொடங்கிய இமயமலை மலையேற்றக் கழகம் போன்ற வடக்கு நிறுவனங்களுக்குச் செல்லாமல் முறையான பயிற்சி பெற வழியில்லை. செலவும் பெரிது. நேபாள அரசின் அனுமதிக் கட்டணம் மட்டும் வெளிநாட்டவருக்கு 11,000 டாலராக இருந்து, 2025 செப்டம்பர் முதல் 15,000 டாலராயிற்று. 2023-இல் தமிழகத்திலிருந்து இருவர் ஒரே பருவத்தில் உச்சியை அடைந்தனர். ஒருவர் சென்னையை அடுத்த கோவளத்தைச் சேர்ந்த ராஜசேகர் பச்சை. மற்றவர் விருதுநகர் மாவட்டத்தில் பிறந்து, சென்னையில் ஜப்பானிய மொழி கற்பித்துவந்த முத்தமிழ்ச்செல்வி. தமிழக அரசின் நிதியுதவியும் பெற்றுச் சென்ற அவர், மே 23 அன்று உச்சியை அடைந்து, எவரெஸ்ட் ஏறிய முதல் தமிழகப் பெண் ஆனார்.

பச்சேந்திரி பால் ஏறியதும் மே 23. மகேந்திரனும் மோகன்தாசும் ஏறியதும் மே 23. முத்தமிழ்ச்செல்விக்கும் அதே நாள். இது முழுக்கத் தற்செயல் அன்று. குளிர்காலம் முழுவதும் இமயத்தின் மேல் மிகு வேக மேலைக்காற்றோட்டம் வீசுகிறது. 9 கி.மீ. உயரத்தை நெருங்கும் எவரெஸ்டின் முனை அந்த ஓட்டத்துக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருப்பதால் அப்போது உச்சியில் நிற்கவே முடியாது. கோடையில் இந்திய நிலப்பரப்பும் திபெத் மேட்டுநிலமும் சூடேறச்சூடேற அந்தக் காற்றோட்டம் வடக்கே விலகுகிறது. ஜூனில் பருவமழை வந்துவிட்டால் சரிவுகளில் புதுப்பனி குவியும். காற்று விலகியும் மழை வராமலும் இருக்கும் சில நாட்கள் மே மாதத்தின் இரண்டாம் பாதியில்தான் வாய்க்கின்றன. தமிழ்நாட்டின் அக்கினி நட்சத்திர நாட்களும் இவையே. மதுரையில் சித்திரைத் திருவிழா நடக்கும் வாரங்களில், ஏறுபவர்கள் கீழ்முகாம்களுக்கு இடையே ஏறி இறங்கி உடலைப் பழக்கிக்கொண்டிருப்பார்கள். கத்திரி வெயில் முடியும் தறுவாயில் உச்சிக்குப் புறப்படுவார்கள். அந்தச் சில நாட்களுக்குள் எல்லோரும் புறப்படுவதால்தான் உச்சிக்கு அருகே வரிசையில் காத்துநிற்கும் நெரிசல் ஏற்படுகிறது. காத்திருக்கும் ஒவ்வொரு மணிநேரமும் புட்டியிலுள்ள ஆக்சிஜனைக் குறைக்கும்.

மறு அளவைகள்

1955-இல் இந்திய நில அளவைத்துறை, பி.எல். குலாத்தியின் கணிப்பின்படி, உயரத்தை 8,848 மீட்டர் என்று திருத்தியது. பாடநூல்களில் அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்த எண் இது. சீனா 2005-இல் உச்சியின் பனியை நீக்கிப் பாறையின் உயரத்தை மட்டும் எடுத்து 8,844.43 மீட்டர் என்று அறிவித்தபோது நேபாளம் ஏற்க மறுத்தது.

நேபாளம் தானே அளப்பதென்று பின்னர் முடிவு செய்தது. 2019 மே 22 அன்று விடியற்காலை 3 மணியளவில் நேபாள நில அளவைத்துறையின் கீம்லால் கௌதம் செயற்கைக்கோள் கருவியுடன் உச்சியை அடைந்தார். கூட்டத்தின் இடையூறு இல்லாமல் அளக்கவே அந்த நேரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. உறைபனியால் அவர் ஒரு கால்விரலை இழந்தார். மறு ஆண்டு சீனக்குழு வடக்குப் பக்கத்திலிருந்து ஏறி அளந்தது. 2020 டிசம்பர் 8 அன்று இரு நாடுகளும் சேர்ந்து 8,848.86 மீட்டர் என்று அறிவித்தன. அறிவிப்பில் மலை சாகர்மாதா, சோமோலுங்மா என்ற பெயர்களாலேயே குறிக்கப்பட்டது.